சுறாவின் எதிர்ப்பொருள்: இலேசுச் சங்கிலி இல்லாமல் எப்படி வேலை செய்கிறது?

இலேசுச் சங்கிலி இல்லாத சுறா எதிர்ப்பொருளைப் பற்றி நீங்கள் கேட்ட கேள்வியில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. சுறாவின் எதிர்ப்பொருள், அதாவது கிருமிகளைப் பிடிக்க உடல் உண்டாக்கும் ஆன்டிபாடி என்ற புரதம், நம்முடையதைவிடச் சிறியது, பழையது என்கிறார்களே, அப்படியானால் அது வளர்ச்சி குன்றிய ஒன்றா என்பது முதல் பகுதி. அவ்வளவு சிறிய உருவத்தை வைத்துக்கொண்டு எண்ணற்ற கிருமிகளுக்கு ஏற்றபடி விதவிதமான எதிர்ப்பொருள்களை அது எப்படி உண்டாக்குகிறது என்பது இரண்டாவது.

முதல் பகுதிக்கு என் பதில், இல்லை என்பதுதான். 'பழையது' என்ற சொல் இங்கே நம்மை ஏமாற்றிவிடுகிறது. சுறாக்களின் வழியும் நம்முடைய வழியும் பிரிந்து ஏறக்குறைய 45 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அந்த 45 கோடி ஆண்டுகளில் நாம் மாறியதைப்போலவே சுறாவும் மாறிக்கொண்டுதான் இருந்தது. அது நம் முன்னோர் அல்ல, தூரத்து உறவு. ஒரே பொதுச் சொத்திலிருந்து பிரிந்துபோய், தன் பங்கை வேறு விதமாகப் பயன்படுத்திய உறவு. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிதாகப் புரியும்.

முதலில் பொதுச் சொத்து எது என்று பார்த்துவிடலாம். நம் எதிர்ப்பொருளின் உருவம் கவட்டையைப் போன்றது. பெரிய புரதச் சங்கிலிகளான இரண்டு கனச்சங்கிலிகள், சிறியவையான இரண்டு இலேசுச் சங்கிலிகள். கவட்டையின் இரு கிளை நுனிகளிலும் ஒரு கனச்சங்கிலியின் நுனியும் ஒரு இலேசுச் சங்கிலியின் நுனியும் ஒன்றோடொன்று ஒட்டி நின்று, இரண்டும் சேர்ந்துதான் கிருமியின் ஒரு பகுதியைப் பிடிக்கின்றன. பிடிபடும் பொருளை ஆன்டிஜென் என்கிறோம். நுனிகள் எதிர்ப்பொருளுக்கு எதிர்ப்பொருள் மாறுபடும். தண்டுப் பகுதி பெரிதாக மாறாது.

இதே நான்கு சங்கிலி அமைப்பு சுறாவிலும் இருக்கிறது. 1965-இலேயே ஜான் மார்ச்சலோனிஸும் ஜெரால்ட் ஈடல்மேனும் ஒரு சிறிய சுறா இனத்தின் ரத்தத்திலிருந்து எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்து, அதிலும் கனமும் இலேசுமாக இரு வகைச் சங்கிலிகள் உண்டு என்று காட்டினார்கள். எதிர்ப்பொருளின் வேதியமைப்பைக் கண்டதற்காக 1972-இல் ராட்னி போர்ட்டருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் இதே ஈடல்மேன்தான். தாடையுள்ள முதுகெலும்பிகள் எல்லாவற்றுக்கும் இந்த அடிப்படைத் திட்டம் பொது. தாடை இல்லாத லாம்ப்ரே மீன்களுக்கு வந்தால் கதையே வேறு. அவை முற்றிலும் வேறொரு புரதக் குடும்பத்தை வைத்து இதே வேலையைச் செய்கின்றன. ஆகவே, நம்மோடு இந்தச் சொத்தைப் பகிரும் உயிர்களில் நமக்கு மிகத் தொலைவில் நிற்பவை சுறா, திருக்கை, கைமேரா ஆகிய குருத்தெலும்பு மீன்கள்தான்.

சுறாவிடம் மூன்று வகை எதிர்ப்பொருள்கள் உண்டு. முதலாவது ஐஜிஎம். இது நமக்கும் உண்டு. சுறாவின் ரத்தத்தில் இது மிகப் பெருமளவில் மிதக்கிறது, அதுவும் இரண்டு உருவங்களில்: ஐந்து கவட்டைகள் வட்டமாகக் கோத்துக்கொண்ட பெரிய உருவம் ஒன்று, தனிக் கவட்டையாகத் திரியும் சிறிய உருவம் ஒன்று. இரண்டாவது ஐஜிடபிள்யூ. இது என்ன, எதற்கு என்று நீண்ட காலம் புரியாமல் இருந்தது. பிற்பாடு மரபணு ஒப்பீடுகள் செய்து பார்த்ததில், நம்மிடம் உள்ள ஐஜிடி என்ற வகையின் உறவு இது என்று தெரியவந்தது. ஐஜிடி சமீபத்தில் முளைத்த ஒன்று என்று நினைத்திருந்தவர்களுக்கு இது பெரிய செய்தி. ஐஜிஎம் எவ்வளவு பழையதோ அவ்வளவு பழையது ஐஜிடியும்.

மூன்றாவது வகைதான் உங்கள் கேள்வியின் உயிர்நாடி. 1995-இல் ஆண்ட்ரூ கிரீன்பெர்க், மார்ட்டின் ஃப்ளாய்னிக் ஆகியோரும் உடன் உழைத்தவர்களும் நர்ஸ் சுறாவில் இதைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். பெயர் ஐஜிநார். இதில் இலேசுச் சங்கிலியே கிடையாது. இரண்டு கனச்சங்கிலிகள் மட்டும். ஒவ்வொன்றிலும் நுனியில் ஒரு மாறுபடும் பகுதி, அதன் கீழே ஐந்து மாறாப் பகுதிகள். நுனியில் இருக்கும் அந்த ஒற்றை மாறுபடும் பகுதிக்கு விநார் என்று பெயர். நம் எதிர்ப்பொருளில் இரண்டு சங்கிலிகள் கூடிச் செய்யும் வேலையை இது தனி ஆளாகச் செய்கிறது.

எடையைச் சொன்னால் வித்தியாசம் கண்ணில் படும். நம் ரத்தத்தில் அதிகம் உள்ள ஐஜிஜி எதிர்ப்பொருள் ஏறக்குறைய 150 கிலோடால்டன் (புரதங்களின் எடையைச் சொல்லும் அலகு). விநார் சுமார் 12 கிலோடால்டன்தான். ஆன்டிஜெனைப் பிடிக்கக்கூடிய இயற்கையான எதிர்ப்பொருள் துண்டுகளில் இதைவிடச் சிறியது கண்டுபிடிக்கப்படவில்லை.

எப்படி இவ்வளவு சிறிதானது? மாறுபடும் பகுதி என்பது புரதச் சங்கிலி நாடா போல முன்னும் பின்னும் மடிந்து, இரண்டு தட்டுகளாக அடுக்கப்பட்ட அமைப்பு. நம் கனச்சங்கிலியில் இந்த நாடா மடிப்புகள் பத்து, விநாரில் எட்டு. காணாமல்போன அந்த இரண்டு மடிப்புகளோடு ஒரு வளையமும் போய்விட்டது. வழக்கமாக ஆன்டிஜெனைத் தொடுவதற்கு ஒரு சங்கிலிக்கு மூன்று வளையங்கள் உண்டு. சிடிஆர்1, சிடிஆர்2, சிடிஆர்3 என்பார்கள். கனச்சங்கிலியில் மூன்று, இலேசுச் சங்கிலியில் மூன்று, ஆக ஆறு விரல்களால் பிடிக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விநாரில் இலேசுச் சங்கிலியின் மூன்றும் இல்லை, தன்னுடைய சிடிஆர்2-வும் இல்லை. மிஞ்சியது இரண்டே விரல்கள். வெட்டுப்பட்ட இடத்திலும் அதன் அருகிலும் எச்வி2, எச்வி4 என்று இரண்டு சிறு திருப்பங்கள் இருக்கின்றன. அவை ஓரளவு கைகொடுக்கின்றன. ஆனாலும் பெரும்பாரத்தைச் சுமப்பது சிடிஆர்3 என்ற ஒற்றை வளையம்தான்.

இங்கேதான் நான் எப்போதும் கொஞ்ச நேரம் நின்றுவிடுவேன். ஆறில் நான்கை இழந்தால் பிடிமானம் தளரும் என்றுதானே எதிர்பார்ப்போம்? 2004-இல் ராபின் ஸ்டான்ஃபீல்ட், ஹெலன் டூலி, ஃப்ளாய்னிக், இயன் வில்சன் ஆகியோர் ஒரு விநாரின் படிக அமைப்பை, அதாவது புரதத்தைப் படிகமாக்கிக் கண்டறிந்த அதன் முழு வடிவத்தை, வெளியிட்டார்கள். கோழிமுட்டையின் வெள்ளைக் கருவில் உள்ள லைசோசைம் என்ற நொதியைப் பிடித்த நிலையில் எடுத்த படம் அது. நொதி வேலை செய்யும் இடம் ஒரு பள்ளம். விநாரின் சிடிஆர்3 வளையம் நேராக அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி உட்கார்ந்திருந்தது. நம் எதிர்ப்பொருள்களின் பிடிப்பரப்பு பெரும்பாலும் தட்டையாகவோ சற்றுக் குழிவாகவோ இருக்கும். அதனால் மேட்டுப் பகுதிகளை நன்றாகப் பிடிக்கும், குறுகிய பள்ளங்களுக்குள் நுழையத் திணறும். சுறாவின் வளையமோ பள்ளத்தைத் தேடிப் போகிறது. நொதிகளின் வேலைத்தலம், செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகளின் குழிகள், வைரஸ்கள் மறைத்து வைக்கும் இடுக்குகள் என்று உயிரியலில் முக்கியமான இடங்கள் பலவும் பள்ளங்களாகவே இருப்பதை யோசித்தால் இதன் மதிப்பு புரியும்.

சரி, ஒற்றை நீள வளையம் என்றால் அது நூல் நுனி போல ஆடிக்கொண்டிருக்காதா? ஆடும். அதைக் கட்டுப்படுத்தத்தான் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தைச் சுறா பயன்படுத்துகிறது. இரண்டு சிஸ்டீன்கள் அருகருகே வந்தால் அவற்றின் கந்தக அணுக்கள் சேர்ந்து டைசல்ஃபைடு பிணைப்பு உண்டாகும்; துணியில் போடும் தையல் மாதிரி. எல்லா மாறுபடும் பகுதிகளிலும் உள்ளே ஒரு தையல் உண்டு. விநார் அதற்கு மேலும் தைக்கிறது. எங்கே தைக்கிறது என்பதை வைத்தே விநார்களை வகை பிரிக்கிறார்கள்.

ஒன்றாம் வகையில் சிடிஆர்3 வளையத்தில் இரண்டு சிஸ்டீன்கள் இருந்து, வளையத்துக்கு வெளியே சட்டகப் பகுதியில் உள்ள இரண்டு சிஸ்டீன்களோடு தைக்கப்படுகின்றன. லைசோசைம் படத்தில் இருந்தது இந்த வகைதான். நர்ஸ் சுறாவின் சிறப்பு இது. இரண்டாம் வகையில் சிடிஆர்3-க்கும் சிடிஆர்1-க்கும் நடுவே ஒரு தையல். அது வளையத்தை மேல்நோக்கி இழுத்து, விரலை நீட்டியதுபோல் நிறுத்துகிறது. அதே 2004-இல் ஆஸ்திரேலியக் குழு ஒன்று வோபெகாங் சுறாவின் இந்த வகை விநாருக்கும் படிக அமைப்பை வெளியிட்டது. நான்காம் வகையில் கூடுதல் தையலே இல்லை. வளையம் தளர்வாக இருக்கும், வந்த பொருளுக்கு ஏற்ப வளைந்துகொடுக்கும். தையல் இடம் மாறினால் வளையத்தின் முழு உருவமும் மாறுகிறது என்பதைக் கவனியுங்கள். அமினோ அமிலங்களின் எழுத்துவரிசையில் வரும் பன்மைக்கு, அதாவது விதவிதமான தன்மைக்கு மேலே, வடிவத்தில் வரும் பன்மை இது.

மூன்றாம் வகையை வேண்டுமென்றே தனியாக விட்டுவைத்தேன். அது குட்டிச் சுறாக்களிடம் காணப்படுவது. இதன் சிடிஆர்3 கிட்டத்தட்ட எல்லாக் குட்டிகளிலும் ஒரே நீளம், ஒரே மாதிரி. மரபணுவின் துண்டுகள் சில பிறப்பிலேயே ஒட்டிய நிலையில் வருவதால் அங்கே மாற்றம் நிகழ இடமே குறைவு. இதேபோல, பிறப்பிலேயே ஒட்டிவரும் ஓர் ஐஜிஎம் வகையும் குட்டிகளின் உடலில் நிறைய உண்டாகிறது. கிருமிகளை இன்னும் சந்திக்காத குட்டிக்கு, தலைமுறை தலைமுறையாகச் சோதித்துத் தேறிய ஓர் ஆயுதத்தைத் தயாராகக் கையில் கொடுத்து அனுப்புவதாகவே இதைப் பலரும் பார்க்கிறார்கள். எனக்கும் அந்த விளக்கம்தான் பொருத்தமாகப் படுகிறது.

இப்போது இரண்டாவது பகுதி, அதாவது பன்மை எங்கிருந்து வருகிறது என்பது.

நம் உடலில் ஒரு கனச்சங்கிலியின் மாறுபடும் பகுதி வி, டி, ஜே என்று மூன்று வகை மரபணுத் துண்டுகளைச் சேர்த்து உண்டாகிறது. வி துண்டுகள் ஒரு வரிசையில் பல, டி துண்டுகள் அடுத்த வரிசையில் பல, ஜே துண்டுகள் சில. எதிர்ப்பொருளை உண்டாக்கும் வெள்ளணுவான பி செல் ஒவ்வொன்றும் வரிசைக்கு ஒன்றாகப் பொறுக்கி ஒட்டிக்கொள்கிறது. இந்தச் சேர்க்கைக் கணக்கே நமக்குப் பெரிய பன்மையைக் கொடுத்துவிடுகிறது. சுறாவில் ஏற்பாடு வேறு. 1980-களில் கேரி லிட்மேனின் குழு கொம்புச் சுறாவில் இதைக் கண்டது. அங்கே மரபணுக்கள் நீள வரிசைகளாக இல்லை. சிறு சிறு கொத்துகளாக இருந்தன. ஒவ்வொரு கொத்திலும் ஒரு வி, இரண்டு டி, ஒரு ஜே, கூடவே மாறாப் பகுதிக்கான மரபணு. தனித்தனிக் குடும்பம் தனித்தனி வீட்டில் இருப்பதுபோல. ஒட்டுவதும் பெரும்பாலும் அந்தந்த வீட்டுக்குள்ளேயே நடந்துவிடுகிறது. கொத்துகளின் எண்ணிக்கை இனத்துக்கு இனம் வேறுபடும். கொம்புச் சுறாவில் நூற்றுக்கும் மேல், நர்ஸ் சுறாவின் ஐஜிஎம்முக்கு வேலைசெய்யும் கொத்துகள் சுமார் 15-தான்.

ஐஜிநாருக்குக் கொத்துகள் இன்னும் குறைவு, விரல்விட்டு எண்ணிவிடலாம். வீட்டுக்குள்ளேயே ஒட்டுவது, வீடுகளும் சில மட்டுமே என்றால், சேர்க்கைக் கணக்கால் கிடைக்கும் பன்மை மிகச் சொற்பம். அப்படியானால் ஆதாயம் எங்கே? ஒட்டும் இடங்களில். ஐஜிநார் கொத்தில் டி துண்டுகள் மூன்று. வி-யோடு முதல் டி, அதோடு இரண்டாவது, அதோடு மூன்றாவது, கடைசியில் ஜே. ஆக நான்கு ஒட்டுகள். நம் கனச்சங்கிலியில் இரண்டே ஒட்டுகள். ஒவ்வொரு ஒட்டிலும் முனைகள் தாறுமாறாக நறுக்கப்படுகின்றன. பிறகு டிடிடி என்ற நொதி, எந்த அச்சையும் பார்த்து எழுதாமல், கைக்கு வந்த டிஎன்ஏ எழுத்துகளை அங்கே சேர்க்கிறது. நறுக்குவதும் சேர்ப்பதும் நான்கு இடங்களில் நடந்தால் என்ன ஆகும்? வளையத்தின் நீளமும் எழுத்துவரிசையும் செல்லுக்குச் செல் மாறிவிடும். இந்த நான்கு ஒட்டுகளும் விழும் இடம் எது தெரியுமா? சிடிஆர்3. எந்த ஒற்றை வளையத்தின் மேல் முழுப் பாரமும் விழுகிறதோ, அதே வளையத்தில்தான் பன்மை முழுவதும் குவிக்கப்பட்டிருக்கிறது. வடிவமும் மரபணு ஏற்பாடும் இப்படி ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்பதை உயிரியலில் அபூர்வமாகத்தான் பார்க்க முடியும். சுறா எதிர்ப்பொருளைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

இதோடு முடியவில்லை. ஆன்டிஜெனைச் சந்தித்த பிறகு, பி செல் தன் எதிர்ப்பொருள் மரபணுவில் எழுத்துப்பிழைகளை, அதாவது பிறழ்வுகளை, வேகமாக உண்டாக்கி, பிடிப்பு நன்றாக அமைந்தவற்றைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் நமக்கு உண்டு. இதைச் சுறாவாலும் செய்ய முடியுமா என்று வெகுகாலம் சந்தேகித்தார்கள். காரணம் உண்டு. சுறாவுக்கு எலும்பே இல்லை, ஆகவே எலும்பு மஜ்ஜையும் இல்லை. நிணநீர் முடிச்சுகளும் இல்லை. நம்மிடம் இந்தத் தேர்வு நடக்கும் சிறப்பு மையங்கள் அதற்கு இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் நர்ஸ் சுறாக்களுக்குத் திரும்பத் திரும்பத் தடுப்பூசி போட்டு ஃப்ளாய்னிக்கும் டூலியும் செய்த ஆய்வுகள் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவிட்டன. ஐஜிநாரில் பிறழ்வுகள் ஏராளமாகக் குவிகின்றன. காலம் போகப் போகப் பிடிப்பு இறுகுகிறது. பல மாதங்கள் கழித்து அதே ஆன்டிஜெனைக் கொடுத்தால் சுறா நினைவில் வைத்திருந்து விரைவாகப் பதில் கொடுக்கிறது. நமக்கு வாரக் கணக்கில் நடப்பது சுறாவுக்கு மாதக் கணக்கில் நடக்கிறது. வேகம்தான் குறைவு, வேலையின் தரம் குறையவில்லை.

எங்கே நடக்கிறது என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது. சுறாவுக்கு மண்ணீரல், தைமஸ் இரண்டும் உண்டு. இனப்பெருக்க உறுப்புகளை ஒட்டி எபிகோனல் உறுப்பு என்று ஒன்றும் உண்டு; ரத்தச் செல்களை உண்டாக்குவதில் நம் மஜ்ஜை செய்வதற்கு நிகரான வேலையை அது செய்கிறது. 2023-இல் வெளியான ஆய்வு, மண்ணீரலில் பி செல்கள் திரண்டு நிற்கும் இடங்களிலேயே பிறழ்வும் தேர்வும் நடப்பதைக் காட்டியது. நம்முடைய சிறப்பு மையங்களின் அடித்தளம் அங்கேயே போடப்பட்டுவிட்டது என்று சொல்லலாம்.

விநாரின் உறுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடல்நீரின் உப்போடு ஈடுகட்டுவதற்காகச் சுறா தன் ரத்தத்தில் யூரியாவை ஏராளமாகத் தேக்கி வைத்திருக்கிறது, நம் ரத்தத்தில் இருப்பதைப்போலப் பல மடங்கு. யூரியா புரதங்களின் மடிப்பைக் குலைக்கும் தன்மை கொண்டது. அந்தச் சூழலில் மிதக்கும் எதிர்ப்பொருள் கெட்டியாக இருந்தே ஆக வேண்டும். 2014-இல் ஜெர்மனி, அமெரிக்க ஆய்வாளர்கள் ஐஜிநாரின் மாறாப் பகுதிகளை ஆராய்ந்தபோது, அவற்றை உறுதியாக்கும் இரண்டு அம்சங்களைக் கண்டார்கள்: எதிரெதிர் மின்னேற்றங்கள் பற்றிக்கொள்ளும் ஒரு கூடுதல் பிணைப்பு, புரதத்தின் உள்ளே நீரை ஒதுக்கும் மையப் பகுதியின் பருமன். அந்த அம்சங்களை மனித எதிர்ப்பொருளில் புகுத்தியதும் அதுவும் உறுதியடைந்தது. நுனியிலுள்ள விநாரும் சளைத்ததல்ல. சூடாக்கிக் குலைத்த பின்னும், குளிர்ந்ததும் மீண்டும் மடிந்து பழைய வடிவத்துக்கு வரும் விநார்கள் உண்டு. நம் கனச்சங்கிலியின் நுனியை இலேசுச் சங்கிலியிலிருந்து பிரித்தால், நீரை வெறுக்கும் அதன் ஒரு பக்கம் வெளியே தெரிந்து, ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். விநாருக்கு அந்தப் பக்கமே நீரோடு ஒத்துப்போகும் வகையில் அமைந்திருக்கிறது. துணை இல்லாமல் வாழப் பழகிய புரதம் அது.

ஒட்டகத்தை நினைத்திருப்பீர்கள். ஆம், ஒட்டகக் குடும்பத்திலும் இலேசுச் சங்கிலி இல்லாத எதிர்ப்பொருள்கள் உண்டு. 1993-இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஆனால் இரண்டுக்கும் வம்சத் தொடர்பு இல்லை. ஒட்டகத்துடையது, வழக்கமான கனச்சங்கிலி பிற்காலத்தில் இலேசுச் சங்கிலியை உதறியதால் வந்தது. சிடிஆர்2 அதில் பத்திரமாக இருக்கிறது. விநாரின் வடிவமோ இலேசுச் சங்கிலியின் நுனிக்கும், டி செல் (T cell) என்ற இன்னொரு வகை வெள்ளணுவின் ஏற்பி நுனிக்கும் அதிகம் நெருங்கியது. சுறாவின் டி செல் ஏற்பிகளில் ஒரு வகை, தன் தலைமேல் விநார் போன்ற ஒரு பகுதியைக் கூடுதலாகச் சுமந்துகொண்டிருக்கிறது என்பது இந்த உறவுக்கு இன்னொரு சாட்சி. ஒரே சிக்கலுக்கு இரண்டு உயிர்க்குலங்கள் தனித்தனியாக ஒரே விடைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

மருத்துவப் பயனைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒட்டக வகைத் துண்டிலிருந்து உருவான மருந்து ஏற்கெனவே புழக்கத்துக்கு வந்துவிட்டது. கேப்லாசிஜூமாப் என்ற அந்த மருந்து 2018-இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. விநார்கள் இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கின்றன. கொரோனா வைரஸின் முள்புரதத்தைப் பிடித்து வைரஸை முடக்கும் விநார்களை 2021-இல் படிக அமைப்போடு வெளியிட்டார்கள். ரத்தத்திலிருந்து மூளைக்குள் மருந்தைக் கொண்டுசெல்லும் வாகனமாக விநாரைப் பயன்படுத்தும் முயற்சியும் நடக்கிறது. சிறிய உருவம் இங்கே நல்லதும் கெட்டதும்: திசுக்களுக்குள் எளிதாகப் பரவும், ஆனால் சிறுநீரகம் சீக்கிரமே வடிகட்டி வெளியேற்றிவிடும். அதனால் ரத்தத்தில் நீண்ட நேரம் தங்கும் வேறொரு புரதத்தோடு அதை இணைத்தாக வேண்டும்.

இதைப் படித்துவிட்டுச் சிலர், அப்படியானால் சுறாவுக்குப் புற்றுநோய் வராதாமே, அதன் குருத்தெலும்பு மாத்திரை சாப்பிடலாமா என்று கேட்பதுண்டு. சுறாவுக்கும் புற்றுநோய் வருகிறது; பதிவுகள் இருக்கின்றன. குருத்தெலும்பு மாத்திரைக்கும் இந்த எதிர்ப்பொருளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறது, அதுவும் மாத்திரையாக விழுங்கினால் வயிற்றிலேயே செரித்துப்போகும் புரதம். பெருங்கடல்களில் வாழும் சுறா, திருக்கைகளின் எண்ணிக்கை 1970-க்குப் பிறகு 71 சதவீதம் குறைந்துவிட்டதாக 2021-இல் ஒரு பெரிய கணக்கெடுப்பு சொன்னது. இந்த நிலையில் அந்த மாத்திரைகளுக்காக ஒரு சுறாவைக்கூடக் கொல்ல நியாயம் இல்லை.

விநார் ஆய்வுக்கு அந்தத் தேவையும் கிடையாது. தொட்டியில் வளரும் சுறாவுக்கு ஆன்டிஜெனைச் செலுத்தி, மாதங்கள் காத்திருந்து, வாலருகே ஊசியால் கொஞ்சம் ரத்தம் எடுத்தால் போதும். அதிலுள்ள வெள்ளணுக்களிலிருந்து விநார் மரபணுக்களைப் பிரதியெடுத்து, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களின் மேல்தோலில் காட்சிக்கு வைத்து, நன்றாகப் பிடிப்பதை மட்டும் சலித்தெடுக்கிறார்கள். பிறகு அந்த மரபணுவைச் சாதாரண பாக்டீரியாவுக்குள் வைத்து வேண்டிய அளவு புரதத்தை உண்டாக்கிக்கொள்கிறார்கள். சுறா மறுபடி தொட்டிக்குள் நீந்தப் போய்விடுகிறது.